சட்டை போட்ட மாம்பழங்கள்

காத்தான்குடி,
வெள்ளிக்கிழமை.

என் அன்பு மகள் இர்ஷானாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கச்சி நஸீறாவும் இருக்கிறோம், நெஞ்சுப் பாரம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் கிடக்க, சோறும் தண்ணியும் தொழுகையும் அது பாட்டுக்கு நடக்கிறது. நீயும் மருமகன் றமீசும் டோகாவின் அந்த வெயிலுக்குள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். தினமும் ஃபோனில் கதைக்கிற உம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். உன் முகத்தை ஃபோனில் கண்டால் எனக்குச் சொல்ல வந்தது வருவதில்லை, உனக்கும் கண் நிறைந்துவிடுகிறது, இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சரி உம்மா சரி மகள் என்று வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் அழுகை வந்தால் பேனையை வைத்துவிட்டு மறுபடி எடுக்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, கோடு தாண்டிப் போனால் சிரிக்காதே.

பக்கத்து வீட்டு றஸீனாவின் மகன் றிப்ஷான் லீவு முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்புகிறான், அவனிடம்தான் இந்த மாம்பழப் பெட்டியைக் கொடுத்து விடுகிறேன், கடிதத்தைப் பழங்களுக்கு மேலே வைத்திருக்கிறேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மருமகன் நஸீறா சாச்சியிடம் ஒன்று சொல்லியிருக்கிறார், நீ அவரோடு கோபிக்காதே, கோளாகச் சொல்லவில்லை, கவலையில் சொன்னார். வாப்பா மௌத்தாகிப் போனதிலிருந்து நீ இனிப்பு என்று ஒன்றும் வாயில் வைப்பதில்லையாம். தேத்தண்ணிக்குச் சீனி இல்லையாம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு யாரோ கொடுத்த வட்டிலப்பத்தை மூடி திறக்காமலே அவர் பக்கம் தள்ளி வைத்தாயாம். அத்தர் இல்லை, நல்ல உடுப்பு இல்லை. கேட்டதற்கு, “உம்மா அங்க வெள்ளையோட மூலைக்குள்ள இரிக்கக்குள்ள நான் இஞ்ச தித்திப்புத் தின்னவா” என்றாயாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே பயம், இந்தப் பெட்டியும் உன் கைக்கு வந்து, நீ அதைக் கூட்டாளிமாருக்கெல்லாம் பங்கிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு இருந்துவிடுவாயோ என்று. அது நடக்கக் கூடாது. இந்தப் பழத்தை நீ தின்ன வேண்டும். ஏன் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த மரத்தை நீ சரியாகப் பார்த்ததே இல்லை. நீ பிளேன் ஏறுகிறபோது அது உன் முழங்காலுக்கு இல்லை. ரீஜேசி ஒட்டு மாங்கன்று என்று வாப்பா எங்கேயோ கன்று விற்கிற இடத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நம்முடைய வளவு உனக்குத் தெரியும்தானே, வெறும் வெள்ளை மணல், ஊற்றுகிற தண்ணியை எல்லாம் குடித்துவிட்டு ஒன்றும் தராது, உப்புத்தண்ணி ஆத்துப் பக்கத்திலிருந்து வருகிற காற்று வேறு. றஸீனா மதிலுக்கு மேலால் எட்டி வாப்பாவைப் பார்த்து, “பாவா காக்கா, இந்தக் கம்புக்கா பஸ்ஸில டிக்கட் எடுத்தீங்க” என்று கேட்டா. “மடியில வெச்ச புள்ளைக்கு டிக்கட் கேக்க மாட்டாங்க” என்று வாப்பா சொன்னார். கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு வெட்டி, தேங்காய்த் தும்பும் மாட்டெருவும் போட்டு, ஆத்தங்கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பாசியை அள்ளி வந்து உப்புப் போகக் கழுவிக் காயவைத்து அதையும் போட்டு, மேடு கட்டித்தான் நட்டார். ஒட்டுப் போட்ட இடத்தை மண் மூடக் கூடாதாம், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குனிந்து பார்ப்பார். ஒட்டுக்குக் கீழே ஒரு சின்னத் தளிர் வந்தாலும் வெட்டிவிடுவார், எதால் என்று நினைக்கிறாய், துணி வெட்டுகிற கத்தரிக்கோலால். நான் ஒரு கடதாசி வெட்ட எடுத்தால் ஊர் கேட்கக் கத்துவாரே, அதே கத்தரிக்கோல்.

ஆள் உயரம் வருவதற்கு முன்னமே மரம் பூத்துவிட்டது. பார்க்க அவ்வளவு வடிவு, கொத்துக் கொத்தாக, இலையே தெரியாமல். இவர் ஒரு நாள் காலையில் போய் எல்லாப் பூவையும் கிள்ளி எறிந்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணியே கொடுக்கவில்லை. “சின்னப் புள்ளைக்குக் கலியாணம் முடிச்சு வைக்கிறதா கா, முதல்ல அதுக்கு உடம்பு பிடிக்கட்டும்” என்றார். அடுத்த முறையும் கிள்ளினார். மூன்றாம் முறை விட்டார், கொஞ்சம் காய் பிடித்தது, நாங்கள் அது மஞ்சளாகட்டும் என்று பார்த்திருக்க, அணில் பாதி வௌவால் பாதி, எங்களுக்குக் காம்பு மட்டும். இந்த முறை பூ வருகிற காலத்துக்குக் கொஞ்சம் முந்தித் தண்ணி விடுவதை நிறுத்தினார். நஸீறா சாச்சிக்கு மனசு கேட்காமல் அரிசி கழுவின தண்ணியைக் கொண்டுபோய் ஊற்றி வாங்கிக் கட்டிக்கொண்டாள். “பூக்கப் போற மரம் கொஞ்சம் காயணும் நஸீறா, தண்ணியக் கண்டா அது இலையத்தான் தள்ளும்” என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது. மழை விட்டு வெயில் ஏறியதும் மரம் முழுக்கப் பூ, பூவுக்கு மேல் பூ. நான் மனசுக்குள் கணக்க மெச்சினேன். வாயால் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்கு முழுக்க அதே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

காய் எலுமிச்சங்காய் அளவு வந்தபோது நோன்பு. உனக்குத் தெரியும், நோன்பு மாதம் தையல்காரனுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம், கடையில் பெருநாள் உடுப்புக் குவிந்து கிடக்கும். அதற்குள்ளும் இந்த மனிசன் வெட்டி மிஞ்சின துண்டுத் துணிகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்து, நோன்பு திறந்த கையோடு மெஷினில் இருந்து குட்டிக் குட்டிப் பைகள் தைக்கத் தொடங்கினார். வாயில் கயிறு கோத்த பை. ஊரெல்லாம் கடதாசிப் பைதானே கட்டுகிறார்கள் என்று கேட்டேன். “கடதாசி மழைக்குக் கிழியும். நான் டைலர், என்ட மாங்காய் கடதாசி உடுத்துமா” என்றார். அடுத்த கிழமை நம்முடைய மரத்தை நீ பார்த்திருக்க வேண்டும் மகள். ஒவ்வொரு மாங்காயும் ஒவ்வொரு சட்டை. கட்டம் போட்டது, கோடு போட்டது, பள்ளிக்கூட வெள்ளை, அபாயாக் கறுப்பு, யாரோ பெண்பிள்ளையின் பெருநாள் கவுணின் மினுக்கு. ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். றஸீனா ஒரு பையைக் காட்டி, “இது என்ட மகன்ட சேட்டுத் துணி, மிச்சம் ஒண்டும் வரல்ல எண்டுதானே சொன்னீங்க” என்று பிடித்துக்கொண்டா. வாப்பா கொஞ்சமும் அசரவில்லை. “ஓம், உங்கட மகனுக்குத் தைச்சதுல மிஞ்சல்ல, மாங்காய்க்குத் தைச்சதுலதான் மிஞ்சின” என்றார். றஸீனா சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் இருக்கிறது. பழ ஈ வரவில்லை, அணில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது, வௌவாலுக்கு அது மாங்காய் என்றே விளங்கவில்லை. நான் இத்தனை வருஷம் அந்த மனிசனோடு வாழ்ந்தும், இப்படி ஒரு மூளை அந்தத் தலைக்குள் இருப்பது எனக்குத் தெரியாது.

பெருநாள் முடிந்து கொஞ்ச நாள்தான். சுபஹு தொழுதுவிட்டு வந்து, மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு, மெஷினுக்கு முன்னால் கதிரையில் இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அன்று பின்நேரம் அஸருக்கு முன் மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். நீ வர ஏலாமல் போனதை நினைத்து இன்னும் உன்னை நீயே தின்றுகொண்டிருக்கிறாய் என்று தெரியும். நம்மில் ஜனாஸாவை வைத்துக் காக்கிறதில்லை, அது உன் குறையில்லை மகள், அவர் உன்னைத் தேடவும் இல்லை, யாரையும் தேட அவகாசம் இல்லாமல்தான் போனார், வேதனைப்படாமல் போனார், அதற்கு நான் அல்லாஹ்வைப் புகழ்கிறேன். அன்றைக்கே நான் வெள்ளை உடுத்து, நாலு மாதமும் பத்து நாளும் முடியும் வரைக்கும் என்று, இத்தாவுக்கு இருந்துவிட்டேன். உன்னுடைய பழைய அறைதான், ஜன்னலுக்கு வெள்ளைச் சீலை கட்டியிருக்கிறது, ஒழுங்கையால் போகிற ஆம்பிளையாட்கள் கண்ணில் படக் கூடாது என்று முற்றத்துக்கும் போவதில்லை. ஆனால் சீலைக்கும் ஜன்னல் மரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. அதற்குள்ளால் அந்த மரத்தின் ஒரு கொப்பு தெரியும். தொழுது முடித்தால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பைகள் நாளுக்கு நாள் புடைத்துக்கொண்டு வந்தன. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடும், பெருநாள் தொழுகைக்குப் புது உடுப்போடு வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத பிள்ளைகள் மாதிரி. அவர் அளவெடுத்துத் தைத்திருக்கிறார் பார், மாங்காய் முழுசாக வளர்ந்த பிறகும் ஒரு பையில் தையல் விடவில்லை. வளரப் போகிற உடம்புக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்த்துத் தைத்த கை அது.

உன் மாமி நபீஸா எனக்குத் துணைக்கு என்று வந்து இங்கேயே நிற்கிறா. தம்பியை இழந்த மனுசி, அவவுக்கும் நெருப்புத்தான், ஆனால் அழ மாட்டா, அழுகிறதுக்குப் பதிலாக வீட்டை ஒழுங்குபடுத்துவா. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து முதல் காய்கள் இரண்டு காற்றுக்கு விழுந்தன, பையோடு விழுந்ததால் அடிபடவில்லை. நஸீறா அவற்றை என் கட்டிலுக்குக் கீழே அரிசிப் பெட்டிக்குள் பழுக்க வைத்தாள். சில நாளில் வாசம் எழும்பியது. அந்த வாசத்தை நான் எப்படி எழுதுவேன், அறைக்குள் நுழைகிறவர்கள் எல்லாம் நின்று, மூச்சை இழுத்து, யாரோ வந்திருக்கிறார்களா என்று பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள். எனக்கு முதல் தடவையாகப் பசி என்று ஒன்று வந்தது. நஸீறா கத்தி எடுக்கப் போக மாமி தடுத்துவிட்டா. “இத்தாவில இரிக்கிற பொண்டுகளுக்கு வாசம் ஆகா. அத்தர் ஆகா, பூ ஆகா, சந்தனம் ஆகா. அறை முழுக்க இப்பிடிக் கமகமண்டு இரிந்தா அது என்ன மச்சி, ஆகுமா?” என்று கேட்டா. நான் ஓதிப் படித்தவளா. என்னுடைய ஒரு பிழையால் அந்த மனிசனுக்குக் கபுறுக் குழிக்குள் ஒரு கஷ்டம் வந்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்துவிட்டேன். பெட்டியை வெளியில் கொண்டுபோகச் சொன்னேன். நஸீறா முகத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பழங்களை றஸீனா வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் மரம் ஜன்னலுக்கு வெளியில்தானே நிற்கிறது, கதவைச் சாத்தினாலும் காற்றுக்குக் கதவா. நான் தொழுகைச் சீலையால் மூக்கை மூடிக்கொண்டு இருந்தேன் மகள். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

மாமி ஒரு வழி சொன்னா. “பழுக்கிறதுக்கு முந்திப் பச்சையில புடுங்கிக் குடுத்திட்டா அச்சாறு போடுறவங்க கொண்டு போவாங்க. வீட்டுக்கும் வாசமில்ல, உன்ட இத்தாவுக்கும் பங்கமில்ல.” நஸீறா கத்தினாள், “மச்சான் புள்ளயப் போல பாத்த காய், அவருக்குத்தான் குடுத்து வைக்கல்ல, நம்மளும் திண்டு பாக்கல்ல, இர்ஷானாக்கும் அனுப்பல்ல, அச்சாத்துக்கா போகணும்” என்று. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் புடுங்கட்டும் என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். அடுத்த நாள் ஆரையம்பதி தங்கராசா வந்தார், மரத்தோடு காய் வாங்குகிற வியாபாரி, வாப்பாவிடம்தான் வருஷா வருஷம் உடுப்புத் தைப்பார். கொக்கத்தடி சாத்துகிற சத்தம், சாக்கு விரிக்கிற சத்தம் எல்லாம் எனக்கு ஜன்னலுக்குள்ளால் கேட்கிறது. பிறகு ஒரு சத்தத்தையும் காணவில்லை. இடைவெளியால் பார்த்தேன், மனிசன் ஒரு பையைக் கையில் ஏந்தியபடி நிற்கிறார், நீலத்தில் கட்டம் போட்ட பை. “தங்கச்சி, இது நான் போன வருசம் மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குத் தைச்ச சேட்டுத் துணி” என்று நஸீறாவிடம் சொன்னார். காயை மெல்ல விட்டார், கொப்பு ஆடி நின்றது. “இன்னும் கொஞ்ச நாள் விட்டா மரத்திலயே மஞ்சளாகிற காய் இது. பாவா நானாட காய நான் அச்சாறு போடக் குடுத்தா எனக்கு அந்தக் காசு செரிக்காது. உள்ள அக்காட்ட மறுகா ஒருக்காக் கேளுங்க, இண்டைக்கு எனக்குக் கை வருதில்ல” என்று சொல்லிவிட்டுச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனார். மாமி, “வியாபாரிக்குக் கை வராட்டி வேற வியாபாரி வருவான்” என்றா, ஆனால் குரலில் முந்தின உறுதி இல்லை.

நஸீறா அதற்கு மேல் பொறுக்கவில்லை. உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பஹீமா இப்போது மௌலவியா, பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறாள். சாச்சி போய் அவளைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள், என்ன விஷயம் என்றுகூடச் சொல்லாமல். அவள் வாசல் கடப்பைத் தாண்டி வரும்போதே, “ஆ, இது ரீஜேசிதானே மணக்குது, எனக்கு ஒண்டும் வைக்கல்லையா உம்மா” என்று கேட்டபடிதான் உள்ளே வந்தாள். நான் மூக்கில் சீலையோடு இருக்கிறேன். சளியா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னோம். சிரிக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்ததை நான் பார்த்தேன். “உம்மா, இத்தாவில விலக்கினது மேலிலயும் உடுப்பிலயும் அலங்காரத்துக்குப் பூசுற வாசம். தின்னுற சாமான் அதில சேராது. பழம் ஹலால், அதுட மணமும் அதோட வந்ததுதானே” என்றாள். மாமி விடவில்லை, “வாசமெண்டா வாசம்தானே மௌலவியா” என்றா. “அப்ப நெய்ச்சோத்துக்கு ஏலக்காயும் கறுவாவும் போடேலாது, கறிக்கு றம்பை இலை போடேலாது. நீங்க போன கிழமை உம்மாக்கு ஆக்கிக் குடுத்த புரியாணி எட்டு வீட்டுக்கு மணந்திச்சு மாமி, அதுக்கு யாரைப் புடிக்கிற” என்று பஹீமா கேட்டாள். நஸீறா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள். மாமியின் முகம் சுருங்கிப் போனது. “அப்ப நான் அவளுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டனா” என்று கேட்டா, அந்தக் குரலில்தான் எனக்கு முதல் முதலாக அவவின் அழுகை கேட்டது. பஹீமா நல்ல பிள்ளை, பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள். “பிழையில்ல மாமி. தம்பிட பொஞ்சாதிக்கு ஒண்டும் வந்திரக் கூடா எண்டு பேணுதல் கொஞ்சம் கூடிப் போச்சு, அவ்வளவுதான்” என்றாள். மாமி அவளுடைய தோளில் தலையைச் சாய்த்து அழுதா. இத்தனை நாளும் அழாத மனுசி. நாங்கள் எல்லோரும் அழுதோம். அழுது முடித்துவிட்டு மாமிதான் கேட்டா, “அப்ப கத்தி எங்க?” என்று.

மரத்தில் அன்றைக்கே ஒரு பழம் பழுத்திருந்தது, கோடு போட்ட பை. நஸீறா அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். நான் ஜன்னலால் பையைத்தான் பார்த்திருந்தேன், உள்ளே இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு மறு இல்லை, ஒரு கீறல் இல்லை, காம்படியில் செம்மஞ்சளும் கீழே நல்ல மஞ்சளுமாக, ஒரு கையால் தூக்க ஏலாத பாரம், பிறந்த பிள்ளையின் கன்னம் மாதிரித் தோல். கத்தியை வைத்ததும் தானாக இறங்கியது. நார் என்று ஒன்று இல்லை, கொட்டை தட்டையாக ஒரு மூலையில் ஒதுங்கி இருக்கிறது, மற்றதெல்லாம் சதைதான். ஒரு துண்டை வாயில் போட்டேன். தேன் மாதிரி என்று சொன்னால் அது பொய், தேன் தொண்டையைக் கட்டும், இது கட்டாது, நாக்கில் இருந்து அது பாட்டுக்குக் கரைந்து போகும், போன பிறகும் இனிப்பு நிற்கும், கடைசியில் எள்ளுப்போல ஒரு புளிப்பு வந்து இன்னொரு துண்டு கேட்க வைக்கும். மாமி கறுத்தக்கொழும்பானுக்கு முன்னால் வேறு மாம்பழம் இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஆள். ஒரு துண்டு தின்றா, கண்ணை மூடினா. “கறுத்தக்கொழும்பான் கறுத்தக்கொழும்பான்தான்” என்றா. பிறகு தட்டை நீட்டி, “இன்னும் ஒண்டு வெட்டு, வித்தியாசம் சரியாப் பாக்கணும்” என்றா. வித்தியாசம் பார்த்துப் பார்த்து அவ தின்றது எவ்வளவு என்று எழுதினால் கோபிப்பா. எனக்கு முழங்கை வரை சாறு வழிந்து வெள்ளைச் சீலையில் பட்டது, கழுவியும் போகவில்லை, கிடக்கட்டும். உன் வாப்பா யாருக்கு என்ன தைத்துக் கொடுத்தாலும், போட்டுப் பார்த்தவுடன், தோள் சரியா, கை நீளமா, எங்கேயாவது பிடிக்குதா என்று கேட்டுக்கொண்டு நிற்பார், அவர்கள் சொல்லுகிற வரைக்கும் நூல் வெட்ட மாட்டார். இந்தப் பழத்துக்கும் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பார். நான் வாய்க்குள் சொன்னேன், ஒரு இடத்திலும் பிடிக்கவில்லை, ஒரு குறையும் இல்லை என்று. உயிரோடு இருக்கும்போது பூவைக் கண்டு மெச்சியும் வாயால் சொல்லாதவள், அன்றைக்குச் சொன்னேன்.

தங்கராசாவுக்குச் சொல்லி அனுப்பினோம், வந்து பழுத்ததும் முற்றினதுமாகப் பார்த்துக் காம்போடு இறக்கித் தந்தார், பால் வடியக் கவிழ்த்து வைத்து, கூலி வேண்டாம் என்று இரண்டு பழத்தோடு போனார். றிப்ஷான் தன் பெட்டியிலிருந்து றஸீனா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துவிட்டு இதற்கு இடம் விட்டிருக்கிறான், அந்தப் பிள்ளைக்கு ஒரு நேரச் சாப்பாடு போடு, கருவாடு போனதற்கு றஸீனாவையும் ஃபோனில் சமாதானப்படுத்து. எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காத மாதிரித்தான் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் பையைக் கழற்றாமல் விட்டிருக்கிறேன், வாப்பாவின் வேலையை நீ பார்க்க வேண்டும் என்று. பழுக்காததை ஏசி அறையில் வைக்காதே, கடதாசியில் சுற்றி அரிசிக்குள் வை. பழுக்க முந்தி ஃபிரிட்ஜில் வைத்தால் இனிப்பு இறங்காது. காம்படியை மெல்ல அமர்த்திப் பார், அமுங்கினால் பழுத்திருக்கிறது. மருமகன் உப்பும் கொச்சிக்காய்த் தூளும் கேட்பார், இதற்குக் கொடுக்காதே, அது பச்சைக் காய்க்கு. மரம் மறுபடி அங்கங்கே தளிர்க்கிறது, நஸீறா மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள், கோணல் மாணலாக இரண்டு பை தைத்தும் பார்த்தாள், மாமி அவற்றைப் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொன்னா.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். பஹீமாவிடம் உன்னைப் பற்றியும் கேட்டேன். புருஷனுக்குத்தான் இத்தா, வாப்பாவுக்காக மகள் அலங்காரத்தை விட்டுத் துக்கம் காக்கிறது மூன்று நாளைக்கு மேல் இல்லை என்று சொன்னாள். நீ வேறு யாருடைய கணக்கையோ அங்கே இருந்துகொண்டு பிடிக்கிறாய். என் இத்தா என்னுடையது மகள், அதை நான் இங்கே ஒழுங்காக இருந்து முடிப்பேன், அதில் பங்கு கேட்டு நீ வராதே. அழ வேண்டுமென்றால் அழு, அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தேத்தண்ணிக்குச் சீனி போடு, தலையை வாரு, மருமகன் வாங்கித் தந்த அந்தப் பச்சை உடுப்பை உடு, அத்தர் பூசு. வெள்ளை உடுத்து இந்த அறைக்குள் இருக்கிற எனக்கே விலக்காத ஒரு இனிப்பை நீ உனக்கு விலக்கிக்கொண்டு இருந்தால், அந்த மனிசன் நோன்போடு ஏணியில் ஏறி நின்று கட்டினதெல்லாம் யாருக்கு. உனக்கும் சேர்த்துத்தான் கட்டினார்.

அல்லாஹ் உனக்கும் மருமகனுக்கும் நீண்ட ஹயாத்தையும் உடம்புக்கு ஆரோக்கியத்தையும் ஒருவர் மனசை ஒருவர் அறிகிற வாழ்க்கையையும் தர வேண்டும், உன் மடியையும் அவன் நிறைக்க வேண்டும். ஐந்து வக்தும் தொழுது வாப்பாவுக்காகக் கையேந்து, அவருக்கு இப்போது நாம் அனுப்ப ஏலுமானது அது ஒன்றுதான். மாமியும் சாச்சியும் பஹீமாவும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். இவ்வளவும் வாசித்து முடித்துவிட்டாய் என்றால் நீ இன்னும் பழத்தை வெட்டவில்லை என்று அர்த்தம். எழும்பிப் போய்க் கத்தியை எடு.

துஆவோடு,
உன்னைப் பெற்ற உம்மா.